கூப்பிட்டால் எடுக்காதே

அம்பத்தூர், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிறு காலை 7 மணிக்கு நான் கூப்பிட்டபோது உனக்கு அங்கே டெக்சஸில் சனி ராத்திரி எட்டரை. பேச்சுக்கு நடுவே ‘டக்... கடக்’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, “.308 தோட்டா போடுறேன்ப்பா, நீங்க பேசுங்க” என்றாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

நீ சுடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன்னை என்.சி.சி.யில் சேர்த்துவிட்டதே நான்தான். வீட்டிலேயே தோட்டா செய்ய வைத்திருக்கிறாயே, அந்தப் பிரஸ்தான் கவலை. நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் 31 வருஷம் நான் முன்னால் நின்ற, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு வேலை நடக்கிற ப்ரோக்ரசிவ் டையேதான், குட்டியாக! எங்களுக்குத் தகட்டுப் பட்டை நகரும், உனக்குத் தட்டு சுற்றிப் பித்தளைக் கூடு நகர்கிறது. ஒரே இழுப்பில் ஒரு ஸ்டேஷனில் பழைய ப்ரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி, கழன்று விழுகிறது, இன்னொன்றில் வெடிமருந்து இறங்குகிறது, அதற்கடுத்ததில் குண்டு உட்காருகிறது. இழுப்புக்கு ஒரு தோட்டா. வேகம்தான், ஆனால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்கிற வேலையும் அதோடு போய்விடுகிறது.

ஷாப்பில் ஒருநாள் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட, திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். பட்டை நகர வேண்டிய தூரத்தில் பாதி நழுவி, அடுத்து விழுந்த வாஷரெல்லாம் ஓரத்தில் ஓட்டையோடு பிறை மாதிரி. என் சாவிக்கொத்தில் நீ சின்ன வயதில் கடித்து விளையாடுவாயே, அது அதில் ஒன்று.

எனக்கு ஒரு பெட்டி ஸ்கிராப்போடு போயிற்று. நீ பாதி இழுப்பில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால், ஒரு கூடு மருந்து இல்லாமலே தாண்டிப் போகலாம். குச்சி குச்சியான மருந்து குழாயில் அடைத்துக்கொண்டால், ஒன்றில் குறைந்து அடுத்ததில் கூடுதலாக விழும். வெறும் ப்ரைமர் வெடித்தால் குண்டு துப்பாக்கிக் குழலிலேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கும், நீ கன்னம் வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். சத்தம் ‘பொசுக்’கென்று வந்தால் அடுத்ததைச் சுடாதே. துப்பாக்கியைக் காலி செய்து, குழல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மருந்தை நிறுக்கிற கணக்கில் ஒரு கிரெயின் 65 மில்லிகிராம் என்றாயே, நகைக் கணக்கில் அரைக் குன்றிமணி. உன் பாட்டி அந்த அரைக் குன்றிமணிக்கு ஆசாரியோடு மல்லுக்கட்டியவள். நீ பத்துக்கு ஒன்றையாவது தராசில் வைக்க மாட்டாயா? மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். ப்ரைமர் கரியில் ஈயம் உண்டு, கை கழுவாமல் பேரனைத் தூக்காதே.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது சுடப் போகிற ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பை வேண்டாம். மூலையில் ஒரு தோட்டா கிடந்தாலும் மீனம்பாக்கத்தில் 1959 ஆயுதச் சட்டம் என்று உட்கார வைத்துவிடுவார்கள். நான் ஆட்டோ பிடித்து வந்து கெஞ்ச வேண்டியிருக்கும்.

இந்த ஞாயிறும் 7 மணிக்குக் கூப்பிடுவேன். லீவரில் கை இருந்தால் எடுக்காதே, மணி அடித்து ஓயட்டும். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா