தம்பி, படிச்சிட்டு ஒரு போன் போடு

தம்பி, நல்லா இருக்கியா. இங்க வாடை ஆரம்பிச்சிருச்சு, நாலு நாளா வல்லம் எறங்கல. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்ல. குல்லா போடாம வெளிய போவாத.

தீபாவளிக்கு பேசுனது, அப்புறம் போனே இல்ல. வேலை இருக்கும், நான் ஒண்ணும் சொல்லல. டீக்கடையில கேட்டா எம்மவன் நார்வேல புகையை கடலுக்கு அடியில பொதைக்கிறான்னு சொல்றேன், சிரிக்கிறானுவ. நானும் விடாம, ப்ரேவிக் சிமெண்டு ஆலை புகையிலருந்து கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிரிச்சு, குளிர வச்சு தண்ணி மாதிரி திரவமாக்கி, கப்பல்ல ஓய்கார்டன் கரைக்கு கொண்டாந்து, அங்கருந்து குழாயில தள்ளி கடல் தரைக்கு கீழ 2,600 மீட்டர்ல மணல்பாறைக்குள்ள இறக்குறாங்கன்னு நீ சொன்னத அப்படியே ஒப்பிச்சேன். ஆனா எனக்கே பயம் விடல, அது மேல கெளம்பி வந்துராதா? மூடி மாதிரி களிப்பாறை இருக்கு, ஸ்லைப்னர்ங்கற கடல் எரிவாயு வயல்ல 1996லருந்து இறக்குறாங்க ஒண்ணும் ஆகலன்னு சொன்ன, சரி. இருந்தாலும் பாத்து இருய்யா. குல்லா போடு.

சுண்ணாம்புக்கல்ல சுடும்போதே அந்த வாயு வெளிய வருதுன்னு சொன்னியே, அதுலருந்து தூக்கம் இல்ல. சூளையில நூறு கிலோ முருகைக்கல்லு, அதான் கடல் பவளப்பாறை, போட்டா அம்பத்தஞ்சு கிலோ சுண்ணாம்பு வந்தா பெருசு, மிச்சம் எங்க போகுதுன்னு நாங்க யாரும் கேட்டதே இல்ல.

நீ அஞ்சாப்பு படிக்கிறப்ப பூவரசன்பட்டி தீவு எங்கப்பான்னு கேட்ட, கடல் கொண்டு போச்சுன்னேன். தீபாவளிக்கும் அதையே கேட்ட, நான் போனை அம்மாகிட்ட குடுத்துட்டேன். கடல் மட்டும் கொண்டு போகல தம்பி. தீவைச் சுத்தி இருந்த முருகைக்கல்லு பாரை நானும் உங்க பெரியப்பாவும் கடப்பாரையால பேத்து சூளைக்கு வல்லம் வல்லமா ஏத்துனோம், 86ல மன்னார் வளைகுடாத் தீவுகளை தேசியப் பூங்கான்னு ஆக்குன பிறகும் ராத்திரில போனோம், பார் போனதும் அலை நேரா தீவுல அடிச்சுச்சு. அந்த காசுலதான் அக்காவுக்கு தோடு, உனக்கு ஸ்கூல் பீசு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை போடு, நானே எடுக்குறேன், அம்மாகிட்ட குடுக்க மாட்டேன்.