தலைப்புக்குக் கீழே ஒரு வரி: இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாளிதழ், வார இதழ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வெளியிலிருந்து எழுதுகிறவர்களின் பெயர் உங்கள் பக்கங்களில் என்ன பாடுபடுகிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘தொகுப்பு: ஆசிரியர் குழு’, ‘நன்றி: இணையம்’ எல்லாம் நீங்கள் அன்றாடம் பார்த்து அச்சுக்கு அனுப்புகிறவைதான். அண்மையில் ஓர் இணைப்பிதழில் வந்த என் கட்டுரைக்கு அதுகூட இல்லை. தலைப்பு இருந்தது. படத்தின் ஓரத்தில் படத்தை விற்ற நிறுவனத்தின் பெயர் இருந்தது. எழுதியவர் யார் என்று மட்டும் இல்லை.

விசாரித்தபோது பக்கம் வடிவமைத்தவர் மறைக்காமல் சொன்னார். பக்கம் முடிக்கிற நேரத்தில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. கட்டுரையை அடியிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். நம் இதழ்கள் பலவற்றில் பெயர் கட்டுரையின் அடியில்தானே இருக்கிறது? கடைசிப் பத்தியோடு அதுவும் போய்விட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இடத்துக்குப் பஞ்சமே இல்லாத இணையப் பதிப்பில் அந்தக் கடைசிப் பத்தி பத்திரமாக இருக்கிறது, அதன் மேலே என் பெயருக்குப் பதில் ‘வெப் டெஸ்க்’, அதாவது இணையப் பிரிவு, என்று போட்டிருக்கிறது. அதற்கு என்ன காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையை வைத்து ஒரு நல்கைக்கு, அதாவது நிதியுதவிக்கு, விண்ணப்பிக்க நினைத்திருந்தேன். பெயருடன் வெளியான படைப்புகளின் நகலை இணைக்க வேண்டும் என்பது அங்கே விதி. கட்டுரை என்னுடையதுதான் என்று இதழின் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி கேட்டேன். “பார்க்கலாம்” என்றார்கள். மறுபடி கேட்டபோது, “அதான் சன்மானம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?” என்றார்கள். வந்துவிட்டது, மறுக்கவில்லை. சன்மான வவுச்சரில் என் பெயர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தது. அதை இணைக்கலாம் என்றால் அதில் கட்டுரையின் தலைப்பு இல்லை. கடைசித் தேதி போனது. அந்த இரண்டு வரி இன்னும் வரவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. எழுதியவரின் பெயரைத் தலைப்புக்குக் கீழே போடுங்கள். அங்கே இருந்தால் எந்த விளம்பரமும் அதை வெட்டாது.

எந்த அவசரத்திலும் விடுபடாத பெயர்களும் உங்கள் இதழில் உண்டு. அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர்களை ஒவ்வொரு பிரதியிலும் போடச் சொன்னது 1867ஆம் ஆண்டுச் சட்டம். 2023இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டமே வந்துவிட்டது. அந்த வரி எவ்வளவு பெரிய விளம்பரம் வந்தாலும் அசைவதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் சட்டம்தான். உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவருக்கு உண்டு என்கிறது அது. ஒன்றுக்குத் தருகிற மரியாதையில் கொஞ்சம் மற்றதற்கும் தரலாமே.

வாசகர் கடிதப் பகுதியில் நீங்கள் இன்னும் கண்டிப்பு. பெயர், முகவரி இல்லாத கடிதங்களை ஏற்க மாட்டீர்கள். நான்கு வரி எழுதிப் பாராட்டுகிறவருக்கு ஊரோடு பெயர் வருகிறது, பாராட்டப்பட்ட கட்டுரையை எழுதியவர் ‘ஆசிரியர் குழு’வாகிவிடுகிறார். திரை நட்சத்திரங்களின் பெயரில் வரும் கட்டுரைத் தொடர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உட்கார்ந்து எழுதியவரை ‘எழுத்தாக்கம்’ என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் ஒரு மூலையில் போடுவீர்கள். அந்த மூலையாவது கிடைத்ததே என்று சந்தோஷப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெயரே போடாமல் நடத்துவதும் ஒரு கொள்கைதான். லண்டனிலிருந்து வரும் ‘தி எகனாமிஸ்ட்’ வார இதழ் 1843இல் தொடங்கியது. பெரும்பாலும் இன்றும் அப்படித்தான் வருகிறது. ஆசிரியர் உட்பட எல்லோருக்கும் அங்கே ஒரே விதி. ஆபத்தான செய்தி எழுதும் நிருபரின் பெயரை மறைப்பதும் நியாயம். ஆனால் உங்கள் இதழில் எந்தப் பெயர் வரும், எது வராது என்பது அன்றைக்கு யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அமைகிறது. அதைக் கொள்கை என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பெயர் தெரியாதவரைக்கூட விட்டுவிடாத மரபு நம்முடையது. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவரைச் செம்புலப்பெயல்நீரார் என்றார்கள். அடுத்த பாடலைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். ‘நன்றி: ஓலைச்சுவடி’ என்று எழுதிவிட்டு அவர்களும் போயிருக்கலாம். உங்களுக்கோ பெயர் மின்னஞ்சலிலேயே வருகிறது.

இந்த மடலில் நான் பெயர் போடாததைக் கவனித்திருப்பீர்கள். அடுத்த கட்டுரையையும் உங்களில் ஒருவருக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். எழுதியவர், மொழிபெயர்த்தவர் பெயர்களைத் தலைப்புக்குக் கீழே போடுங்கள், அச்சிலும் இணையத்திலும். விடுபட்டுப்போனால் அடுத்த இதழில், அதே பகுதியில், திருத்தம் வெளியிடுங்கள். இணையத்தில் ‘வெப் டெஸ்க்’ என்பதை எடுத்துவிட்டு உரியவர் பெயரைச் சேர்க்க அடுத்த இதழ் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
உங்கள் இணைப்பிதழ்களுக்கு எழுதும் ஒருவர்