கோட்டூர்புரத்துக்கு வருவதற்கு முன்னால்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை, தம்பி ஞாபகம் வந்துவிட்டது. பேரனுக்கு மூளை முடக்குவாதம், மூளையில் அடிபட்டதால் கை கால் சொன்னபடி கேட்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். கூடவே, சென்னையில் கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா, பிள்ளையைச் சேர்த்துவிட்டு வரும் விடுதியா என்றும் கேட்டிருக்கிறாய். விடுதி இல்லை, முதலில் அதை அவளிடம் சொல். மற்றதற்கு ஒரு வரியில் பதில் வராது, அது எப்படி உண்டானது என்று சொன்னால்தான் புரியும்.

என் தம்பியை உனக்குத் தெரியும், அவனுக்கும் இதேதான். பிறந்ததும் அழவில்லை, அப்புறம் மஞ்சள்காமாலை வேறு. ஒரு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை என்று அம்மா தூக்கிக்கொண்டு ஓடிய பெரிய ஆஸ்பத்திரியில், இது இப்படியேதான் இருக்கும், அடுத்த பிள்ளையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பின்கட்டு அறையில் பதினாறு வருஷம் படுத்திருந்தான். நீ பரீட்சைக்குப் படிக்க வரும்போதெல்லாம் உன் குரல் கேட்டால் உடம்பே துள்ளும், நினைவிருக்கிறதா? ஏதாவது கேட்டால், ஆமாம் என்பதற்குக் கண்ணை மேலே தூக்குவான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவனுக்கு எழுத்துச் சொல்லித்தரலாம், ஒரு அட்டையில் படங்களை ஒட்டிக் காட்டி என்ன வேண்டும் என்று கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 83-ல் போய்விட்டான்.

அதே காலத்தில் பம்பாயில் ஒரு அம்மா வேறு மாதிரி செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். மிது அலூர் என்று பெயர். அவர் மகள் மாலினிக்கும் இதேதான், இங்கே இருந்த டாக்டர்கள் கைவிரித்துவிட, இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அந்தப் பெண் படிக்க ஆரம்பித்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் இந்தியாவில் அவளைச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூடம் இல்லை, அதனால் 1972-ல் மூன்றே பிள்ளைகளோடு அவரே தொடங்கிவிட்டார். ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்று பெயர். நடிகை நர்கீஸ்தான் முதல் புரவலர். அடுத்து 1974-ல் கல்கத்தாவில், பிறகு டெல்லியில், பெங்களூரில் என்று ஊர் ஊராக உண்டானது. மாலினி சிப் வளர்ந்து லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். அவரை இப்படியேதான் இருப்பார் என்று சொன்னவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மதராஸில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கினார். அவருடைய மகனுக்கும் கடுமையான ஊனம், அவரும் ஒரு அம்மாவாகத்தான் இதில் இறங்கினார். அந்தப் பம்பாய்ப் பெயரேதான் முதலில் இங்கேயும் இருந்தது. ஸ்பாஸ்டிக் என்றால் தசை இறுகிப்போவது, மருத்துவர்கள் சொல்லும் வார்த்தைதான். ஆனால் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் அதைத் திட்டுகிற வார்த்தையாக்கிவிட்டதால், அங்கே 1952-ல் பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கமே 1994-ல் ஸ்கோப் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் ஊர்க்காரர்களும் 1998-ல் வித்யாசாகர் என்று மாற்றினார்கள். நல்லதுதான் செய்தார்கள். தசையின் பெயரால் ஒரு பிள்ளையை ஏன் கூப்பிட வேண்டும்?

பெயர் மட்டும் மாறவில்லை, வேலையும் மாறியது. ஆரம்பத்தில் பிள்ளைக்குப் பயிற்சி, படிப்பு. பிள்ளைகள் வளர்ந்து வெளியே வந்தபோது பஸ்ஸில் ஏற முடியாது, பள்ளியில் படிக்கட்டு, பதினெட்டு வயதுக்கு மேல் யார் பொறுப்பு என்ற கேள்வி. அதனால் ஊனமுற்றோர் சட்டத்துக்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டானது. அதை நடத்திய ராஜீவ் ராஜனுக்கே மூளை முடக்குவாதம்தான். பூனம் நடராஜன் பிறகு தேசிய அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக மத்திய அரசு 1999-ல் சட்டம் போட்டு உண்டாக்கியது அது. நிராமயா என்று வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அதன் கீழ் உண்டு, பயிற்சிச் செலவும் அதில் வரும், மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள். பேரனுக்கு ஊனச் சான்றிதழ் கிடைத்ததும் மாப்பிள்ளையை இதை முதலில் பார்க்கச் சொல்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் மரப்பாதை போட்டிருக்கிறார்களே, சக்கர நாற்காலியில் அலைக்குப் பக்கம் வரைக்கும் போகலாம், அதுவும் இப்படிப்பட்டவர்கள் பல வருஷம் கேட்டுக் கேட்டு 2022-ல் வந்ததுதான். திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பெயர்த்துப் போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். பேரனை ஒரு சாயங்காலம் அங்கே கூட்டிப்போவோம்.

மகளிடம் இன்னும் ஒன்று. மூளையில் பட்ட அடி நாளாக நாளாகப் பெரிதாகாது. ஆனால் இறுகின தசையை அப்படியே விட்டால் கை கால் கோணிக்கொள்ளும், அதனால்தான் சீக்கிரம் வா என்கிறேன். பேச்சு வராத பிள்ளைக்கு அறிவும் இருக்காது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆவாஸ் என்று படத்தைத் தொட்டால் பேசுகிற ஒரு செயலி இருக்கிறது, இதே சென்னையில் அஜித் நாராயணன் என்ற பொறியாளர் செய்தது, வித்யாசாகர் பிள்ளைகளோடு உட்கார்ந்து உட்கார்ந்து உருவானது. பேரனுக்கு ஒன்றேகால் வயதுதான், அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. முதலில் அட்டையும் படமும் போதும்.

வரும்போது பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன் எல்லாம் எடுத்து வா. நம் வீட்டில்தான் தங்க வேண்டும், மாடி அறை வேண்டாம், கீழே இருப்பதை ஒழித்து வைத்துவிட்டேன். அதற்குள் ஒரு வாரம் நீயும் மகளும் அவனைக் கவனித்துப் பாருங்கள், பால் வேண்டுமா என்று கேட்டால், தூக்கட்டுமா என்று கேட்டால், கண்ணில், நாக்கில், காலில் எங்கேயாவது அவன் ஆமாம் சொல்லிக்கொண்டிருப்பான். எங்கே என்று எனக்கு எழுது.

உன் பழைய சிநேகிதி