சனிக்கிழமை நாடகம்: வந்துவிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, டர்பன் சாட்ஸ்வர்த்தில் நம் கோயில் மண்டபத்தில் ஓராள் நாடகம். நடிப்பது நம் குழுவில் இருக்கும் அக்கா ஒருவரின் மகள்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். மேடையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு பழைய சேலை, அவ்வளவுதான். சேலையைத் தலையில் போட்டால், 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்து இறங்கும் பாட்டி. அதையே மடித்துக் கையில் பிடித்தால், பேர் எழுதும் குமாஸ்தா. பாட்டி ‘கவுண்டர்’ என்கிறாள். அவர் ‘கவெண்டர்’ என்று எழுதிக்கொண்டு ஒரு நம்பரைக் கொடுக்கிறார். சிரித்துவிட்டேன். என் அடையாள அட்டையிலும் அதே எழுத்துதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

1950-இல் தென்னாப்பிரிக்க அரசு ஆளை இனம் பிரித்துப் பதிந்த சட்டமும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டமும் வரும்போது, பேத்தி அதே பெட்டியை மறுபடி கட்டுகிறாள். அங்கே வசனமே இல்லை.

பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், பாட்டிக்கு மட்டும் தமிழ். டிக்கெட் கிடையாது. போனை அணைத்துவிடுங்கள், போன கூத்தில் துரியோதனன் சாகும் நேரத்தில் யாருடைய போனோ பாடியது! முறுக்கு கொண்டுவரக் கூடியவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.