லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிடாதே, சேது

தஞ்சாவூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான். இங்கே எல்லோரும் சுகம். லலிதாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மற்றதெல்லாம் நேரில்.

அவசரமாக எழுதுவது நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியால். வியாழக்கிழமை லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப் போகிறாய், பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி மாட்டி, "விண்டோஸும் புதுசாப் போட்டுத் தருவாங்களாம்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய். வேண்டாம்டா. இதைப் படித்து முடிக்கிறவரை அதை எடுத்துப் பையில்கூட வைக்காதே.

கோவிந்து போன மாதம் இதைத்தான் செய்தான். விண்டோஸ் லைசென்ஸ் பழைய ஹார்டு டிஸ்கோடு போய்விடும், புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ஆகும், நாங்களே ஒன்றைப் போட்டு ஆக்டிவேட் செய்து தருகிறோம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக் கொடுத்துவிட்டான். அவன் வீட்டுக்குப் போனபோது நான் அதைத் திறந்து பார்த்தேன். வைரஸ் காவல் முழுக்க அணைந்து கிடந்தது. வாங்கும்போது விண்டோஸ் ஹோம் இருந்த இடத்தில் இப்போது விண்டோஸ் புரோ. கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கருப்புத் திரையில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, ஸ்லாஷ் எக்ஸ்பிஆர் என்று அடித்தால் லைசென்ஸ் எதுவரை என்று சொல்லும். உன்னுடையது போன்ற ஒழுங்கான மெஷினில் 'நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது' என்று வரும். கோவிந்துவுடையதில் ஒரு தேதி வந்தது. பெரிய அலுவலகங்களுக்கு 180 நாள் தவணையில் கொடுக்கிற முறை ஒன்று உண்டு; அதைப் போலியாக ஏமாற்றும் ஒரு புரோகிராமைப் போட்டிருக்கிறார்கள். அது வேலை செய்ய வேண்டும் என்றுதான் வைரஸ் காவலை அணைத்திருக்கிறார்கள். அதே மெஷினில்தான் அவன் பென்ஷன் கணக்கும் பார்க்கிறான்!

எனக்கு வயிறு எரிந்தது எதற்குத் தெரியுமா? அவன் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் அந்த மெஷினுக்குள் பத்திரமாக இருக்கிறது. எங்கும் போகவில்லை. விண்டோஸ் 7 காலத்தில் லேப்டாப்பின் வயிற்றில் 25 எழுத்து எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்குமே, வியர்வை பட்டு அழிந்துவிடும், நீகூட செலோடேப் ஒட்டி வைத்திருந்தாய். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கம்பெனிக்காரர்கள் அந்த எண்ணை மதர்போர்டில் இருக்கும் சிப்பிலேயே எழுதி அனுப்புகிறார்கள். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொன்றும் சேர்ந்தது: ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் மைக்ரோசாஃப்ட் அந்த மெஷினின் அடையாளத்தைத் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தில் முக்கியமானது மதர்போர்டு. டிஸ்கை மாற்றினால் ஒன்றும் ஆகாது. மதர்போர்டையே மாற்றினால்தான் வம்பு, ஏனென்றால் லேப்டாப்போடு வந்த லைசென்ஸை வேறு மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது.

கோவிந்துவுடையதை அன்றைக்கே சரிசெய்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போட்டேன். அது என்னிடம் எண்ணே கேட்கவில்லை. ஹோமா புரோவா என்றும் கேட்கவில்லை. சிப்பைத் தானே படித்து ஹோம் போட்டுக்கொண்டது. வைஃபை கொடுத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. கோவிந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, இப்போது நம் விஷயம். உன் லேப்டாப்பும் என்னுடையதும் 2018-இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நாளில் வாங்கியவை. நூறு ரூபாய்க்காக நீ மூன்று மாடி ஏறி இறங்கினாயே, அதே நாள். என்னுடையதை இரண்டு வாரம் முன்பு நானே மாற்றிவிட்டேன். முன்பு பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போய்க் காபி போட்டுக்கொண்டு வருவேன். இப்போது 20 விநாடிகூட ஆவதில்லை. நம் பழைய டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கே 11 மில்லிவிநாடி. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடும், ஒவ்வொன்றுக்கும் ஊசி நகர்ந்து, தட்டு சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை. மெஷின் கிழடாகிவிட்டது என்று நாம் இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தோமே, அந்தத் தட்டு மட்டும்தான் கிழடு.

புதிதாகப் போடுவதிலும் லைசென்ஸ் போகாது என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியும் நான் குளோன்தான், அதாவது பழைய டிஸ்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல்தான், செய்தேன், நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். காரணம் பாட்டுகள்.

தாலாட்டு என்னிடம், ஒப்பாரி உன்னிடம் என்று பிரித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? கொள்ளிடக் கரையில் டேப் ரிக்கார்டரோடு அலைந்து சேர்த்தது, அத்தனையும் பாமினி என்கிற அந்தப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. கடையில் சி டிரைவைத் துடைத்துப் புதிதாகப் போட்டால் பாமினி போய்விடும். அது இல்லாத மெஷினில் திறந்தால் பாட்டு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோவிந்து தன் அப்பாவின் கணக்கு நோட்டை அப்படிப் பார்த்துவிட்டு, கோப்பு கெட்டுப்போச்சு என்று அழிக்கப் போனான். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அழித்திருப்பான். நீ எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் கொட்டி வைக்கிற ஆள் வேறு. டெஸ்க்டாப்பும் சி டிரைவில்தான் இருக்கிறது. "டேட்டா எல்லாம் எடுத்துட்டோம் சார்" என்று சொல்பவர்கள் டி டிரைவை மட்டும் எடுத்திருப்பார்கள். செல்லாயி பாட்டி பாடியதில் எத்தனையோ உன்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. பாட்டி போய்விட்டாள். கேசட்டிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. இனி யாரைப் போய்க் கேட்பது, சேது?

அதனால் முதல் வேலை, இன்றைக்கே அந்த ஒப்பாரிக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் வை. டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது என்றாயே, அது நல்ல சகுனம் இல்லை. குளோன் செய்யும்போது பழைய டிஸ்க் முழுவதையும் படிக்க வேண்டும், அந்த உழைப்பிலேயே அது படுத்துவிடலாம்.

அப்புறம் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று டிஸ்கைப் பூட்டி வைக்கிற ஒன்று ஆனாகி இருக்கிறதா பார். இருந்தால் 48 இலக்கத்தில் ஒரு மீட்பு எண் இருக்கும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள். என்னுடையதில் இல்லை. ஆனால் உன் மகன் உன் லேப்டாப்பில் கைவைக்கிறவன்.

500 ஜிபி இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், அதை யுஎஸ்பியில் மாட்டுகிற ஒயர் ஒன்றும் போதும். நமக்கு இருப்பது ஒரு டிபி டிஸ்க் ஆயிற்றே, சின்னதில் எப்படி அடங்கும் என்று கேட்பாய். நிறைந்திருப்பது எவ்வளவு என்பதுதான் கணக்கு. என்னுடையதில் 210 ஜிபிதான். எஸ்எஸ்டி கம்பெனியே தரும் குளோன் மென்பொருள் சி, டி என்று பிரித்திருக்கும் டிரைவுகளைத் தானே சுருக்கிக்கொண்டது, இரண்டரை மணி நேரம் ஓடியது. அது முடிந்ததும் பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் சேர்ந்திருந்தால் விண்டோஸ் குழம்பிவிடும். ஆன் செய்ததும் தாலாட்டுக் கோப்பைத்தான் முதலில் திறந்தேன். 'ஆராரோ' என்று தமிழிலேயே வந்தது. ஆக்டிவேஷன் பக்கத்தைப் பிறகுதான் பார்த்தேன், அதுவும் அப்படியே இருந்தது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால் 11-க்குப் போவதையும் இதோடு பார்த்துவிடலாம். நம் மெஷின் எட்டாம் தலைமுறை இன்டெல், அதற்குத் தகுதி உண்டு, இதே லைசென்ஸில் இலவசம். ஆனால் டிஸ்க் மாற்றி ஒரு வாரம் ஓடட்டும், ஒரே நாளில் இரண்டும் வேண்டாம்.

பாட்டுகளை, எந்த மெஷினிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி வைக்க வேண்டும் என்பது தனி வேலை. மாற்றித் தருகிற மென்பொருள் இருக்கிறது, ஆனால் மாற்றிய பிறகு வரிவரியாக ஒப்பிட்டுப் படிக்க இரண்டு பேர் வேண்டும்.

கடைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு. எஸ்எஸ்டியையும் ஒயரையும் மட்டும் வாங்கி வை. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மதுரைக்கு வருகிறேன். சின்ன ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ராமு