வேலையும் கூடும், வேலையின்மையும் கூடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, “ஒரே மாதத்தில் வேலைகளும் கூடின, வேலையின்மை விகிதமும் கூடியது என்றால் ஏதோ ஒன்று பொய்” என்கிறது. பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்துக் காட்டி, கணக்கையே திரிக்கிறார்கள் என்று முடிக்கிறது. இரண்டுமே ஒரே மாதத்தில் தாராளமாக நடக்கும். அந்த இரு எண்களும் வெவ்வேறு கணக்கெடுப்புகளிலிருந்து வருபவை.

வேலையின்மை விகிதம் வீடுகளில் கேட்டு எடுப்பது. மாதம் சுமார் 60,000 வீடுகள். தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்துக்காக (சுருக்கமாக பிஎல்எஸ்) சென்சஸ் அலுவலக ஊழியர்கள் நேரிலும் போனிலும் கேட்கிறார்கள். ஒரு வீட்டை 4 மாதம் தொடர்ந்து கேட்பார்கள், 8 மாதம் விட்டுவிடுவார்கள், மறுபடியும் 4 மாதம் கேட்பார்கள். “உங்களுக்கு வேலை இல்லையா?” என்று நேரடியாகக் கேட்பதில்லை. பொதுவாக 12-ஆம் தேதி விழும் வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று கேட்பார்கள். இல்லை என்றால், அதுவரையிலான 4 வாரங்களில் வேலை தேடினாரா, கிடைத்தால் சேர முடியுமா என்பது அடுத்தது. பதில்களை வைத்து ஆளை வகைப்படுத்துவது அலுவலகத்தின் வேலை.

தேடுவதை விட்டுவிட்டவர் இந்த விகிதத்தில் வரவே மாட்டார். நிலைமை தேவலை என்று நம்பி மறுபடி தேடத் தொடங்கியதும் வேலையில்லாதோர் பட்டியலில் ஏறிவிடுவார். வேலைகள் பெருகும் மாதத்திலேயே விகிதமும் ஏறுவதற்கு இது ஒன்றே போதும். கட்டுரையாளர் வேலையில்லாதோரை “அரசு உதவித்தொகை பெறுவோர்” என்று எழுதியிருப்பதும் சரியல்ல. உதவித்தொகை விண்ணப்பங்களின் கணக்கு தனி. அது வாராவாரம், வழக்கமாக வியாழனன்று வரும். கல்லூரி முடித்து முதல் வேலை தேடுபவருக்கு உதவித்தொகை கிடைக்காது, ஆனால் வேலையின்மை விகிதத்தில் அவர் உண்டு.

“இத்தனை லட்சம் வேலைகள் கூடின” என்ற எண் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து வருவது. சுமார் 1.2 லட்சம் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும், அவற்றின் வேலை நடக்கும் 6.3 லட்சம் இடங்களும் இந்தக் கணக்கெடுப்பின் மாதிரியில் (எல்லாரையும் கேட்காமல் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியில்) உள்ளன. இங்கே எண்ணப்படுவது ஆட்கள் அல்ல, வேலைகள். பகலில் பள்ளியிலும் இரவில் கடையிலும் சம்பளம் வாங்கும் ஒருவர் இதில் இரண்டு, வீட்டுக் கணக்கில் ஒன்று. சுயதொழில் செய்பவர்களும் பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலைக்காரர்களும் இதில் சேர்வதில்லை.

2024 அக்டோபர் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். முதலில் அறிவித்தது வெறும் 12,000 வேலைகள். வேலையின்மை விகிதமோ 4.1 சதவீதத்திலிருந்து அசையவில்லை. அப்போது போயிங் நிறுவனத்தில் சுமார் 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். 12-ஆம் தேதி அடங்கிய சம்பளக் காலம் முழுக்க வேலைநிறுத்தத்தில் இருப்பவருக்குச் சம்பளம் கிடையாது என்பதால், நிறுவனக் கணக்கில் அவருடைய வேலை மறைந்துவிடும். வீட்டுக் கணக்கில் அவர் வேலையில் இருந்துகொண்டு வராதவர். அதாவது வேலை உள்ளவர். அந்த மாதம் சூறாவளிகளும் சேர்ந்துகொண்டன. அடுத்த மாத அறிக்கையில் எண் 2.27 லட்சத்துக்கு எழும்பியது. இரண்டு தலைப்புச் செய்திகளையும் மட்டும் படித்தவருக்கு ஒரே மாதத்தில் பொருளாதாரம் படுத்து எழுந்ததாகத்தான் தோன்றியிருக்கும்.

திருத்தங்களுக்கு வருவோம். 12-ஆம் தேதிக் கணக்கு பெரும்பாலும் அடுத்த மாதம் முதல் வெள்ளியன்றே வெளியாகிவிடுகிறது. அதற்குள் எல்லா நிறுவனங்களும் பதில் அனுப்பியிருக்காது. தாமதமாக வரும் பதில்களைச் சேர்த்து அடுத்த இரண்டு மாதங்களிலும் எண்ணைத் திருத்துவார்கள். பருவகாலச் சரிசெய்தலும், அதாவது விடுமுறை, பண்டிகை போல ஆண்டுதோறும் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிப்பதும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும். 2025 ஆகஸ்ட் 1 அன்று மே மாத எண் 1,44,000-லிருந்து 19,000-க்கும், ஜூன் எண் 1,47,000-லிருந்து 14,000-க்கும் இறங்கின. குறைப்பில் கணிசமான பங்கு மாநில, உள்ளாட்சிக் கல்வித் துறை வேலைகளுடையது. பள்ளி ஆண்டு முடிகிற தேதி ஊருக்கு ஊர் முன்பின்னாக இருப்பதால், சரிசெய்தல் அதிகம் தடுமாறும் இடம் அது. அன்றைக்கே பிஎல்எஸ் ஆணையர் எரிக்கா மெக்என்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவிநீக்கம் செய்தார். எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்றார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை. தங்கள் கட்டுரை அந்தக் குற்றச்சாட்டை ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறது.

இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய திருத்தமும் உண்டு. வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் மாநில அரசுகளுக்குத் தாக்கல் செய்யும் கணக்கில் 95 சதவீதத்துக்கும் மேலான வேலைகள் அடங்கிவிடும். அதோடு ஒப்பிட்டு, மாதிரியிலிருந்து கணித்த மொத்த வேலைகளைச் சரிசெய்கிறார்கள். 2024 மார்ச் மாத மொத்தம் 8.18 லட்சம் குறையும் என்று அந்த ஆகஸ்டில் முன்கூட்டிச் சொன்னார்கள். இறுதியில் குறைந்தது கிட்டத்தட்ட 6 லட்சம். பயங்கரமான எண்தான். ஆனால் மொத்த வேலைகள் சுமார் 15.8 கோடி, 6 லட்சம் அதில் 0.4 சதவீதம்கூட வராது. மொத்தத்தை இவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கும் கணக்கெடுப்பு மாதாந்தர மாற்றத்தில் தடுமாறுவது இயல்பு. பிஎல்எஸ்ஸே அந்த மாற்றத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான பிழை வரம்பு சொல்கிறது, அதுவும் 90 சதவீத நம்பிக்கை அளவில், அதாவது சுமார் பத்தில் ஒன்பது முறைதான் உண்மை எண் அந்த வரம்புக்குள் இருக்கும். எனவே “50,000 வேலைகள் கூடின” என்றால் கூடியதா குறைந்ததா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது. விகிதம் 4.1-லிருந்து 4.2 ஆவதும் அப்படியே.

கட்டுரையோடு வந்த வரைபடத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பள்ளம் தெரிகிறது. பருவகாலச் சரிசெய்தல் இல்லாத தொடரை எடுத்திருக்கிறார்கள். பண்டிகைக் காலக் கடை வேலைகள் முடிந்ததும் ஜனவரியில் வேலைகள் 20 லட்சத்துக்கு மேல் குறைவது அங்கே வழக்கம். சரிசெய்த தொடரில் அதே ஜனவரி ஏற்றமாகவும் வரலாம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ‘ஃபிரெட்’ தளத்தில் இரண்டு தொடர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடத்தின் கீழேயே சரிசெய்ததா இல்லையா என்று போட்டிருக்கும். அதோடு இணைந்த ‘ஆல்ஃபிரெட்’ தளத்தில், ஒரு மாதத்தின் எண் முதலில் என்னவாக வந்தது, பிறகு எந்தத் தேதியில் எப்படி மாறியது என்பதையும் எடுக்கலாம். முதல் எண்ணை முதல் எண்ணோடும், திருத்திய எண்ணைத் திருத்திய எண்ணோடும் ஒப்பிடுவதுதான் முறை. கட்டுரையின் அட்டவணையில் இரண்டும் கலந்திருக்கின்றன.

அடுத்த முறை வரைபடம் போடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செலவுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் ஏற்பட்ட அமெரிக்க அரசு முடக்கத்தால் 2025 அக்டோபரில் வீடுகளில் கணக்கெடுக்கவே இல்லை. 1948-இல் தொடங்கும் மாதாந்தரத் தொடரில் அந்த மாதத்துக்கு மட்டும் வேலையின்மை விகிதம் கிடையாது. எக்செல்லில் காலிக் கட்டத்தைச் சுழியமாகக் காட்டும் அமைப்பு இருந்தால் கோடு தரைக்கு இறங்கிவிடும். இரு பக்கப் புள்ளிகளையும் இணைக்கும் அமைப்பு இருந்தால், எடுக்காத கணக்கு எடுத்ததுபோல ஆகிவிடும். இடைவெளியாகவே விட்டு, அடியில் காரணத்தை ஒரு வரியில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.