புறக்கணிப்பால் குறையாத தங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஜெர்மனியும் கலந்துகொள்ளாததால், அங்கு வெல்லப்பட்ட பதக்கங்களுக்கு மதிப்புக் குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. ஸ்வீடன் நாட்டு கயாக் (துடுப்புப் படகு) வீராங்கனை அக்னெட்டா ஆண்டர்சனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கார்ல்ஸ்கூகாவில் பிறந்த அவர், அந்த ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் நடந்த காசிடாஸ் ஏரியில் 500 மீட்டர் தனிநபர் போட்டியிலும், அன்னா ஓல்சனுடன் இணைந்து இரட்டையரிலும் தங்கம் வென்றார். நால்வர் படகில் வெள்ளி. கிழக்கு ஜெர்மனி அப்போது இத்துறையில் பெரும் வல்லரசு என்பதால், ஐயம் எழுந்தது இயல்பே.

ஆனால், 1992 பார்சிலோனாவில் சுசான் குன்னார்சனுடன் இரட்டையர் போட்டியில் ஜெர்மனியிடம் தங்கத்தை இழந்து வெள்ளியோடு திரும்பிய அதே ஆண்டர்சன், நான்காண்டுகள் கழித்து, 35 வயதில், அட்லாண்டா ஒலிம்பிக்கில் அதே இணையோடு களமிறங்கி, பிர்கிட் ஃபிஷர், ரமோனா போர்ட்விச் என்ற ஜெர்மானிய ஜாம்பவான்களைப் பின்னுக்குத் தள்ளித் தங்கத்தைப் பறித்தார். முன்னும் பின்னுமாக அமர்ந்த இருவரின் துடுப்புகளும் ஒரே நொடியில் நீரைத் தொடாவிட்டால் படகு தள்ளாடிவிடும் இந்தப் போட்டி, இரண்டு நிமிடம்கூட நீடிப்பதில்லை; அதற்குள் தடுமாற்றத்தைச் சரிசெய்ய அவகாசம் ஏது?

1992, 1996 ஒலிம்பிக்குகளில் நால்வர் படகில் பெற்ற இரண்டு வெண்கலங்களையும் சேர்த்தால் மொத்தம் 7 ஒலிம்பிக் பதக்கங்கள், அவற்றுள் 3 தங்கம். இந்த ஏழில் 4 பதக்கங்கள், கிழக்கும் மேற்கும் ஒன்றிணைந்த ஜெர்மனி பங்கேற்ற ஒலிம்பிக்குகளில் கிடைத்தவை என்பதை, 1984-ஐ மட்டும் வைத்து எடைபோடுவோர் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்